கால் மணி நேர டெஸ்ட் ரைடில் ஒரு பெரிய பைக்கைப் பற்றி எதை அறியலாம், எதை அறிய முடியாது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். இப்போது நீங்கள் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஓட்டுகிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கவாசாகி இசட்900-ஐயும், வேறொரு வேலைநாளின் மாலை நெரிசலில் பழைய மகாபலிபுரம் சாலையில் டிரையம்ப் ஸ்ட்ரீட் டிரிபிள் 765 ஆர்-ஐயும், ஷோரூமைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களில் மட்டும் டுகாட்டி மான்ஸ்டரையும் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். கவாசாகியின் பிக்-அப் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது, டிரையம்ப் கைக்கு அடங்காமல் பதறியது, டுகாட்டி திக்கித் திக்கி ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றில் எது உண்மையிலேயே வேகமானது, எதை வாங்கலாம், 350-இலிருந்து நேராக இவற்றுக்குத் தாவலாமா என்பவை நீங்கள் கேட்டவை. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு சந்தேகம் இருப்பதாக எனக்குப் படுகிறது. நீங்கள் உணர்ந்தது வண்டிகளுக்கு இடையே உள்ள வேறுபாடா, அல்லது அந்தந்த நாளின் சாலைக்கும் நெரிசலுக்கும் உங்கள் மனநிலைக்கும் இடையே உள்ள வேறுபாடா? இதற்கு விடை கிடைத்தால் மற்றவை தாமாகவே தெளிந்துவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மோட்டார் சைக்கிள்களை ஓட்டி ஒப்பிட்டு எழுதுவது பல ஆண்டுகள் என் தொழிலாக இருந்தது. இப்போது பெரிய வண்டிகளுக்கு மாறுகிறவர்களுக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கிறேன். இந்த இரண்டு வேலைகளிலும் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது, பழக்கமில்லாத வண்டியில் ஏறிய முதல் பத்து நிமிடங்களில் நம் உடல் அந்த வண்டியை அளப்பதில்லை என்பதுதான். அது அளப்பதெல்லாம் நாம் ஓட்டிப் பழகிய வண்டியிலிருந்து இந்த வண்டி எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டுமே. கனமான வண்டியிலிருந்து இறங்கி வந்தவருக்கு எந்த லேசான வண்டியும் பதறுவதாகத் தோன்றும். நான்கு சிலிண்டர் வண்டியிலிருந்து இறங்கியவருக்கு எந்த இரட்டைச் சிலிண்டரும் முரடாகத் தோன்றும். அந்த முதல் உணர்வு பொய்யல்ல, ஆனால் அது நிலைப்பதும் இல்லை. ஆகவே ஒரு டெஸ்ட் ரைடில் எது ஓரிரு வாரத்தில் பழகிப் போகும், எது பல ஆண்டுகள் கூடவே வரும் என்று பிரித்தறிவதுதான் உண்மையான வேலை.

முதலில் வேகம். உற்பத்தியாளர்கள் அறிவித்த எண்கள் மாடல் ஆண்டுக்கு ஏற்பச் சற்று மாறும் என்றாலும், நீங்கள் ஓட்டிய தலைமுறைகளுக்கு அவை ஏறக்குறைய இப்படி இருக்கும். இசட்900-இன் 948 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின் 9,500 ஆர்பிஎம்மில் (ஆர்பிஎம் என்பது எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுழலும் சுற்றுகள்) 125 குதிரைத்திறனையும், 7,700 ஆர்பிஎம்மில் 98.6 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் (எஞ்சினின் திருப்பும் விசை) தருகிறது. ஸ்ட்ரீட் டிரிபிள் ஆர்-இன் 765 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் 11,500 ஆர்பிஎம்மில் 120 குதிரைத்திறனையும், 9,500 ஆர்பிஎம்மில் 80 நியூட்டன் மீட்டரையும் தருகிறது. மான்ஸ்டரின் 937 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சினுக்கு 9,250 ஆர்பிஎம்மில் 111 குதிரைத்திறன், 6,500 ஆர்பிஎம்மில் 93 நியூட்டன் மீட்டர். உச்சக் குதிரைத்திறனில் கவாசாகிக்கும் டிரையம்புக்கும் உள்ள இடைவெளி வெறும் ஐந்துதான். ஆனால் கவாசாகியின் எஞ்சின் கொள்ளளவு டிரையம்பைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். முறுக்குவிசையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் அதிகம். சாலையில் நாம் பெரும்பாலும் எஞ்சினை 3,000 முதல் 6,000 ஆர்பிஎம்முக்குள் வைத்து ஓட்டுகிறோம். அந்த இடத்தில் நம்மை முன்னே தள்ளுவது கிடைக்கும் முறுக்குவிசைதான். 11,500 ஆர்பிஎம்மில் காத்திருக்கும் உச்சத் திறன் அங்கே கணக்கில் வராது. நீங்கள் மூன்று வண்டிகளையும் உங்கள் 350-ஐ ஓட்டுவதுபோல் சீக்கிரம் சீக்கிரமாகக் கியர் ஏற்றி ஓட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் டிரையம்பின் எஞ்சின் தன் முழு மூச்சைக் காட்டும் எல்லைக்குள் நீங்கள் நுழையவே இல்லை. ஒரு கியர் குறைத்து ஓட்டியிருந்தால் நீங்கள் எழுதியிருக்கும் வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்திருக்கும்.

எடையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெட்ரோலும் ஆயிலும் நிரப்பிய நிலையில் கவாசாகி 212 கிலோ, டிரையம்ப் 189 கிலோ, டுகாட்டி 188 கிலோ. குதிரைத்திறனை எடையால் வகுத்தால் டிரையம்ப் கவாசாகியைவிட ஏறத்தாழ எட்டு சதவீதம் முன்னால் நிற்கும். ஆனால் வண்டி தானாக ஓடுவதில்லை. ஹெல்மெட், ஜாக்கெட், ஷூவுடன் எண்பது கிலோ மனிதர் ஒருவர் மேலே அமர்ந்தால் அந்த எட்டு சதவீதம் நான்காகச் சுருங்கிவிடும். எடை எண்களை ஒப்பிடும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: சில நிறுவனங்கள் முழு டேங்க் பெட்ரோலோடும், சில பெட்ரோல் இல்லாமலும் எடையை அறிவிக்கின்றன. 17 லிட்டர் பெட்ரோல் மட்டும் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வரும் என்பதால், இரண்டு விளம்பரத் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு வண்டி லேசானது என்று முடிவு செய்வதற்கு முன் அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும். ஆக, எது வேகமானது என்ற கேள்விக்கு என் பதில்: உச்சத்தில் மூன்றும் நீங்கள் பிரித்தறிய முடியாத அளவுக்கு நெருக்கமானவை, நடுத்தர ஆர்பிஎம்மில் கியர் மாற்றாமல் முந்திச் செல்வதற்குக் கவாசாகியும் டுகாட்டியும் டிரையம்பைவிடத் தயாராக இருக்கும். இவ்வளவுதான் உறுதி.

டுகாட்டி திக்கியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு பகுதியை இயற்பியலே விளக்கிவிடுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க், அதாவது எஞ்சினின் சுழல்தண்டு, ஒவ்வொரு 180 பாகை திரும்பும்போதும் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. டிரையம்பின் மூன்று சிலிண்டரில் 240 பாகைக்கு ஒருமுறை. மான்ஸ்டரில் இரண்டு சிலிண்டர்கள் தொண்ணூறு பாகைக் கோணத்தில் அமைந்திருப்பதால் வெடிப்புகள் 270, 450 என்று சமமில்லாத இடைவெளியில் வருகின்றன. ஒவ்வொரு சிலிண்டரும் ஏறத்தாழ 470 சிசி. கவாசாகியில் ஒரு சிலிண்டர் சுமார் 237 சிசிதான். பெரிய வெடிப்புகள் நீண்ட இடைவெளியில் வந்தால், மூன்றாவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் தெருவுக்குள் உருளும்போது செயின் இழுபட்டுத் தளர்வதை நீங்கள் உணரத்தான் செய்வீர்கள். அதே வண்டி நாலாயிரம் ஆர்பிஎம்மைத் தாண்டியதும் மிக இதமாக ஓடும். நான்கு தெருக்களில் மட்டும் ஓட்டிய உங்களுக்கு அந்த இதம் கிடைக்கவே இல்லை. இன்னொரு பகுதி சந்தேகத்துக்குரியது: அந்த டெமோ வண்டியின் செயின் தளர்ந்திருந்ததா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. தளர்ந்த செயினும், ஆக்சிலரேட்டரைத் திறந்த கணத்தில் எஞ்சின் முரட்டுத்தனமாகப் பதில் சொல்வதும் ஓட்டுகிறவருக்கு ஒரே மாதிரியான குலுக்கலாகத்தான் தெரியும். முதலாவதைப் பத்து நிமிடத்தில் ஸ்பேனர் கொண்டு சரிசெய்யலாம். இரண்டாவது வண்டியின் குணம்.

இதனால்தான் வண்டியில் ஏறுவதற்கு முன் அதைச் சுற்றி வந்து பார்க்கும் ஐந்து நிமிடங்களை, ஓட்டும் பதினைந்து நிமிடங்களைவிட முக்கியமானவையாக நான் கருதுகிறேன். பலர் ஓட்டிச் செல்லும் டெமோ வண்டிகளை நல்ல நிலையில் வைத்திருக்க எல்லா ஷோரூம்களாலும் முடிவதில்லை. டயர் காற்றழுத்தத்தை உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். இந்த வகை வண்டிகளில் முன்னால் 34 முதல் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ என்ற அளவில்தான் பரிந்துரை இருக்கும். துல்லியமான எண் ஸ்விங்-ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கையில்) ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ இருக்கும். முன் டயரில் ஏழெட்டு பிஎஸ்ஐ குறைந்தால் ஹேண்டில்பார் கனத்து, வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். பரிந்துரைக்கு மேல் அதிகமாக அடித்திருந்தால் ஒவ்வொரு சிறு கல்லும் கைக்கு வந்து சேரும். டயர் புத்தம் புதிதாக இருந்தால் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வரை அதன் மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வளைவுகளில் அடக்கமாக ஓட்டுங்கள். ஓடோமீட்டரைப் பாருங்கள், ரன்னிங்-இன் (புது எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்கும் காலம்) முடியாத வண்டியில் எஞ்சினை முழுதாகச் சுழற்ற யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது.

பிறகு ரைடிங் மோடு. இது பலர் தவறவிடும் இடம். இசட்900-இல் மழை மோடைத் தேர்ந்தெடுத்தால் எஞ்சின் அதன் முழுத் திறனில் ஏறத்தாழ 55 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தப்படும். டிரையம்பின் மழை மோடும் டுகாட்டியின் மிக மென்மையான மோடும் ஆக்சிலரேட்டரின் துடிப்பை நன்றாக மழுங்கடிக்கும். உங்களுக்கு முன் ஓட்டியவரோ, பாதுகாப்புக் கருதி ஷோரூம் ஊழியரோ டிரையம்பை மழை மோடில் விட்டிருந்தால், நீங்கள் ஒப்பிட்டது இரண்டு வண்டிகளை அல்ல, இரண்டு மென்பொருள் அமைப்புகளை. மூன்றையும் 'ரோட்' அல்லது அதற்கு இணையான மோடில் வைத்து ஓட்டுவதே நேர்மையான ஒப்பீடு. சஸ்பென்ஷனும் அப்படித்தான். முந்தைய நாள் நூறு கிலோ எடையுள்ளவருக்காகப் பின் ஷாக்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) ஏற்றியிருந்தால், அறுபத்தைந்து கிலோ எடையுள்ளவர் அமரும்போது பின்புறம் உயர்ந்தே நிற்கும். வண்டியின் மூக்கு தாழ்ந்து, திரும்புவதில் அவசரம் கூடும். உங்கள் முழு உடுப்போடு நீங்கள் அமரும்போது பின்புறம் சுமார் 30 முதல் 40 மில்லிமீட்டர் இறங்குகிறதா என்று நண்பர் ஒருவரை அளவு நாடாவோடு பார்க்கச் சொன்னால் போதும். இது சாலை வண்டிகளுக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு.

டிரையம்ப் பதறியது குறித்து நான் ஓரளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும். அதன் சக்கர இடைவெளி 1,402 மில்லிமீட்டர். கவாசாகியில் சுமார் 1,450. குறைந்த இடைவெளியும் செங்குத்தான முன் ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரு குழாய்கள்) வண்டியைச் சீக்கிரம் திரும்பச் செய்யும் என்பது உண்மை. ஆனால் அது மட்டுமே காரணமென்றால் 1,390 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட உங்கள் கிளாசிக்கும் பதற வேண்டும். உங்கள் வண்டியின் முன்சக்கரம் 19 அங்குலம். ஃபோர்க் கோணமும் நிதானமானது. இந்த மூன்றிலும் முன்சக்கரம் 17 அங்குலம், அகன்ற ஹேண்டில்பார், முன்பக்கம் சாய்ந்து அமரும் நிலை. வலப்பக்கக் கைப்பிடியை லேசாக முன்னே தள்ளினால் வண்டி வலப்பக்கம் சாய்ந்து திரும்பும் என்பது எல்லா இருசக்கர வண்டிகளுக்கும் பொருந்தும். அகன்ற ஹேண்டில்பாரில் அதற்குத் தேவையான விசை மிகக் குறைவு. பழக்கமில்லாத, விலை உயர்ந்த, வேறொருவருடைய வண்டியில், மாலை நெரிசலில், கைகள் தாமாகவே இறுகிப் பிடிக்கும். இறுகிய கைகள் சாலையின் ஒவ்வொரு குலுக்கலையும் ஹேண்டில்பாருக்குத் திருப்பி அனுப்பும்; வண்டி அதற்குக் கீழ்ப்படிந்து அசையும்; ஓட்டுகிறவர் அதை வண்டியின் பதற்றம் என்று எடுத்துக்கொள்வார். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் மிக அதிகமாகக் காண்பது இதுதான். மறுமுறை ஓட்டும்போது டேங்கை முழங்கால்களால் பிடித்து, முழங்கைகளைத் தளர்த்தி, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஹேண்டில்பார் துள்ளினால் காற்றழுத்தத்தையும் ஸ்டீயரிங் பேரிங்கையும் சந்தேகிக்கலாம். துள்ளல் நின்றுவிட்டால் பதறியது உங்கள் கைகள்.

இனி எப்படி ஒப்பிடுவது என்பதற்கு வருகிறேன். பத்திரிகைகளுக்காக நாங்கள் ஒப்பீடு செய்யும்போது கடைப்பிடித்த முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். எல்லா வண்டிகளும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓடும். காலையில் டயர்கள் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தம் அளக்கப்படும். குறித்த இடங்களில் ஓட்டுநர்கள் வண்டியை மாற்றிக்கொள்வார்கள். யார் எந்த வரிசையில் எதை ஓட்டுவது என்பதும் மாற்றி மாற்றி வைக்கப்படும். மற்றவர்களோடு பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் குறிப்பை எழுதிவிட வேண்டும். குழுவில் ஒருவர் உரக்கச் சொன்ன கருத்து மற்றவர்களின் உணர்வையே மாற்றிவிடும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. வேகத்தையும் தூரத்தையும் அளக்க ஜிபிஎஸ் கருவியைத்தான் நம்புவோம், ஏனெனில் வண்டியின் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்ற விதியால் பெரும்பாலும் சற்றுக் கூட்டியே காட்டும், அந்தக் கூடுதலும் வண்டிக்கு வண்டி வேறுபடும். தனி ஆளாக இவ்வளவையும் உங்களால் செய்ய முடியாது. ஆனால் இதன் சாரத்தைக் கடைப்பிடிக்க முடியும்: ஒரே பாதையைத் தேர்ந்தெடுத்து, வாரத்தின் ஒரே வகையான நாளில், ஒரே நேரத்தில், மூன்று வண்டிகளையும் ஓட்டுங்கள், கடைசி வண்டியை ஓட்டி முடித்த பிறகு முதலில் ஓட்டியதை மறுபடியும் ஒருமுறை ஓட்டுங்கள். முதல் வண்டியைப் பற்றிய உங்கள் இரண்டாவது குறிப்பு முதல் குறிப்பிலிருந்து எவ்வளவு மாறுகிறதோ, அதுதான் உங்கள் அளவுகோலில் இருக்கும் பிழை. அந்தப் பிழையைவிடச் சிறிய வேறுபாடுகளுக்காகப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை.

பாதையில் காலியான சாலை அதிகம் வேண்டாம். காலியான சாலையில் எந்தப் பெரிய பைக்கும் நன்றாகத்தான் ஓடும். அங்கே முதல் கியரிலேயே வேகம் நூறை நெருங்கிவிடுவதால் நீங்கள் அறிவது உங்கள் துணிவை மட்டுமே. எனக்கு வேண்டியது பத்து நிமிட நெரிசல், நான்கைந்து வேகத்தடைகள், ஒரு யு-டர்ன், கொஞ்சம் சிதைந்த தார்ச்சாலை, பிறகு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் சீராக ஓட்டக்கூடிய ஒரு நீளம். நெரிசலில் எஞ்சின் வெப்பநிலை நூறு டிகிரியைத் தாண்டி ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கும். அந்த வெப்பக் காற்று உங்கள் தொடையிலும் கணுக்காலிலும் எங்கே படுகிறது என்பதைச் சென்னையில் இருப்பவர் அறிந்தே ஆக வேண்டும், மே மாதத்தில் அது வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிடப் போதுமான காரணம். யு-டர்னில் கிளட்ச் எவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்கிறது, ஹேண்டில்பார் எவ்வளவு தூரம் திரும்புகிறது, கால் தரையில் எவ்வளவு உறுதியாக ஊன்றுகிறது என்பவை தெரியும். இருக்கை உயரம் மூன்றிலும் 820 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. ஆனால் இருக்கையின் முன்பகுதி எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பதே கால் எட்டுமா என்பதைத் தீர்மானிக்கும், அது எந்த எண்ணிலும் வராது. சீரான வேகத்தில் கண்ணாடியைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் ஒரு மெல்லிய, விரைவான அதிர்வு கைப்பிடியில் வரும். நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தில் அது வந்தால் இரண்டு மணி நேரத்தில் விரல் மரத்துப் போகும்.

எல்லாவற்றையும்விட நான் அதிக எடை கொடுப்பது ஆக்சிலரேட்டரை மூடிய நிலையிலிருந்து மீண்டும் திறக்கும் அந்த முதல் கணத்துக்கு. வளைவின் நடுவில், இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரை முழுதாக மூடிவிட்டு மறுபடி மிக மெதுவாகத் திறந்து பாருங்கள். வண்டி உதறாமல் இழுவையைத் தொடங்கினால் அந்த வண்டியின் நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன் உங்கள் கைக்குள் இருக்கிறது. உதறினால், மழை பெய்த சாலையில், பேருந்துக்குப் பக்கத்தில், அதே உதறல் உங்கள் பின்டயரின் பிடியை உடைக்கக் கூடும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 மாசு விதிகளுக்குப் பிறகு எரிபொருள் கலவையை மெலிதாக வைக்க வேண்டிய கட்டாயத்தால் இந்த முதல் கணம் சில வண்டிகளில் கரடுமுரடாகியிருக்கிறது, சிலவற்றில் மின்னணு ஆக்சிலரேட்டர் அதை அழகாக மறைத்துவிட்டது. இது ஓட்டிப் பார்த்தால் மட்டுமே தெரியும்; இதற்காகவே டெஸ்ட் ரைடு எடுக்கலாம் என்பேன்.

அடுத்தது பிரேக். பின்னால் வாகனம் இல்லாத நேரான சாலையில், அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி நிறுத்திப் பாருங்கள். இரண்டு விரல்களில் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு குறைகிறது என்று முன்கூட்டியே ஊகிக்க முடிகிறதா என்பதே கேள்வி. திடீரென்று கவ்வும் பிரேக் காகிதத்தில் சிறந்ததாகவும் கையில் ஆபத்தானதாகவும் இருக்கலாம். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்காக அதிவேகத்தில் முழு பிரேக் போடாதீர்கள். அது அன்னிய வண்டியில், பொதுச் சாலையில் செய்யக்கூடிய சோதனையே அல்ல. வளைவில் சாய்ந்திருக்கும்போதும் செயல்படும் ஏபிஎஸ் ஸ்ட்ரீட் டிரிபிள் ஆர்-இலும் மான்ஸ்டரிலும் உண்டு. 2025-க்கு முந்தைய இசட்900-இல் அது கிடையாது. நீங்கள் அதை ஓட்டத்தில் உணரவே மாட்டீர்கள், உணரும்படியான நிலைமை வரவும் கூடாது, ஆனாலும் ஒப்பீட்டில் அதற்குரிய இடத்தைக் கொடுங்கள்.

இவ்வளவு கவனமாக ஓட்டினாலும் அறிய முடியாதவை உண்டு. இந்த வண்டிகளின் உச்ச எல்லையில் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பொதுச் சாலையில் யாரும், எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், அறிய முடியாது, முயலவும் கூடாது. அதற்குரிய இடம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் போன்றவைதான்; கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் அங்கே பயிற்சி வகுப்புகள் நடத்தியிருக்கிறது. பத்திரிகை ஒப்பீடுகளில் வரும் அளந்த எண்களை, அதாவது நிறுத்தும் தூரம், எட்டும் வேகம், உண்மை எடை ஆகியவற்றை, நீங்கள் நம்பலாம். அவற்றின் வர்ணனைகளைச் சற்று ஐயத்தோடு படியுங்கள்: வெளிநாட்டு அறிமுக ஓட்டங்கள் பெரும்பாலும் வழவழப்பான சாலையில், குளிர்ந்த காற்றில், நிறுவனமே சீராக்கிக் கொடுத்த வண்டியில் நடப்பவை. நீண்ட கால உழைப்பு பற்றி டெஸ்ட் ரைடும் சொல்லாது, பத்திரிகையும் பெரும்பாலும் சொல்லாது. குறைந்தது இரண்டு மழைக்காலத்தைப் பார்த்த உரிமையாளரிடமும், சர்வீஸ் பிரிவில் வேலை செய்யும் மெக்கானிக்கிடமும் கேளுங்கள். மான்ஸ்டரின் டெஸ்மோ வால்வுகளை (ஸ்பிரிங்குக்குப் பதிலாக இயந்திர நெம்புகோலால் மூடப்படுபவை) 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த ஒரு சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும், எந்த ஊருக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும் என்று மூன்று நிறுவனங்களிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

350-இலிருந்து தாவுவது பற்றி. உங்கள் கிளாசிக் சுமார் 20 குதிரைத்திறன் கொண்டது. இசட்900 அதைப்போல் ஆறு மடங்கு. இந்தியாவில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு ஒரே உரிமம்தான். சட்டம் உங்களைத் தடுக்காது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இளம் ஓட்டுநர்கள் பலர் முதலில் ஏ2 என்ற உரிமத்தில் 35 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 47 குதிரைத்திறன், வரை உள்ள வண்டிகளைத்தான் ஓட்ட முடியும். அந்த எல்லைக்குள் அடங்கும் இன்டர்செப்டர் 650-யோ, 399 சிசி கேடிஎம் 390 டியூக்கோ ஓராண்டு ஓட்டிவிட்டு வருகிறவர்கள் பெரிய வண்டியில் தெளிவாகவே நிதானமாக ஓட்டுவதை நான் பயிற்சிகளில் பார்க்கிறேன். இது என் அனுபவத்திலிருந்து எழுந்த கருத்து, அளந்து நிறுவியது அல்ல. அளந்து சொல்லக்கூடியது வேறு: நன்றாகப் பிரேக் போடத் தெரிந்தவர் காய்ந்த சாலையில் அறுபதிலிருந்து நிற்க ஏறத்தாழ 18 மீட்டர் போதும், நூறிலிருந்து நிற்க ஏறத்தாழ 49 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கை அசைவதற்குள் கழியும் ஒரு நொடியில் முறையே 17, 28 மீட்டர்கள் இதற்கு முன்பே போய்விடும். உங்கள் 350 நூறை எட்ட நேரம் எடுத்துக்கொள்கிறது, அந்த நேரத்தில் நீங்கள் யோசித்துவிடுகிறீர்கள். இந்த வண்டிகள் அந்த யோசிக்கும் நேரத்தைத் தருவதில்லை. ஆகவே நேராகத் தாவத்தான் போகிறீர்கள் என்றால், முதல் சில மாதங்கள் இசட்900-ஐக் குறைந்த திறன் மோடில், டிரையம்பை என்றால் மழை மோடில், டுகாட்டியை என்றால் அதன் மிக மென்மையான மோடில் ஓட்டுங்கள். கவாசாகியின் அந்த அரைத்திறனே உங்கள் கிளாசிக்கைப்போல் மூன்று மடங்குக்கு மேல். பின்சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோலை எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள்.

எதை வாங்குவது என்பதில் என் சாய்வைக் கேட்டால், வளைவுச் சாலைகளுக்கும் நகரத்துக்கும் ஸ்ட்ரீட் டிரிபிளையும், கியரைப் பற்றி நினைக்காமல் நெடுஞ்சாலையில் போக விரும்புகிறவருக்கு இசட்900-ஐயும் நான் பரிந்துரைப்பேன். மான்ஸ்டரைப் பற்றி நீங்கள் இன்னும் முடிவு செய்யக்கூடாது, ஏனெனில் நான்கு தெருக்களைத் தாண்டி நீங்கள் அதை ஓட்டவே இல்லை. ஷோரூமில் நேரம் கேட்கத் தயங்காதீர்கள். பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் வண்டிக்கு அரை மணி நேரம் கேட்பது அதிகமல்ல. வார நாளில் காலையில் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஓட்டுநர் உரிமத்தோடும், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ ஆகியவற்றோடும் செல்லுங்கள். வண்டி கீழே விழுந்தால் செலவு யாருடையது, காப்பீடு டெஸ்ட் ரைடு எடுப்பவருக்கும் பொருந்துமா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். அவர்கள் அரை மணி நேரம் தர மறுத்தால், பெரிய பைக்குகளை வாடகைக்கு விடும் நிறுவனங்களிடமிருந்து ஒரு நாள் எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். கருப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது முறைப்படி வாடகைக்குப் பதிவான வண்டி. நண்பர்களின் நண்பர் பெயரில் வரும் வெள்ளைத் தகடு வண்டியை வாடகைக்கு எடுத்தால் விபத்து நேரும்போது காப்பீடு நிற்காமல் போகலாம். மான்ஸ்டர் கிடைத்ததும், நான் மேலே சொன்ன பாதையிலேயே, நெரிசலில் இரண்டாவது கியருக்கு மேல் போகாமல், திறந்த சாலையில் நாலாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்காமல் ஓட்டுங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்தவுடன், விற்பனையாளர் பேசத் தொடங்குவதற்கு முன், உங்கள் குறிப்பை எழுதிவிடுங்கள்.